ஒரே மாணவி, நான்கு தேர்வுகள்: 95, 88, 55 என்ற மூன்று எண்களை எப்படிப் படித்தோம்

2025 ஜூன் 14ஆம் தேதி, சனிக்கிழமை, நீட் முடிவு வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பெற்றோருடன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். நீல மையில் மூன்று வரிகள்.

பிளஸ் டூ – 95.67
ஜேஇஇ – 88.9
நீட் – 55

"சார், இது நன்றாகப் படிக்கிற பிள்ளையா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஒவ்வொரு ஜூனிலும் இப்படி இரண்டு மூன்று தாள்கள் என் மேசைக்கு வரும். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுதக் காரணம், அன்று நான் கொடுத்த முதல் பதில் தவறானது. அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. மாணவியும் பெற்றோரும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் வேண்டாம்.

நான் சொன்ன முதல் பதில் இதுதான்: "பாடத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள். பொதுத்தேர்வுக்கு அது போதும், நீட்டுக்குப் போதாது." எங்கள் ஆசிரியர் அறைகளில் எல்லோரும் சொல்வதுதான், கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். அந்தப் பெண் தலை நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னை உட்கார்ந்து கணக்குப் பார்க்க வைத்தது.

முதலில் எண்கள்

அவள் கணிதம்-உயிரியல் பிரிவு. தமிழ் 96, ஆங்கிலம் 94, இயற்பியல் 93, வேதியியல் 96, கணிதம் 97, உயிரியல் 98; மொத்தம் 600க்கு 574. பொறியியல் கட்-ஆஃப் (கணித மதிப்பெண்ணோடு இயற்பியல், வேதியியலின் சராசரி) 200க்கு 191.5. மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் தேர்வை ஜனவரியிலும் ஏப்ரலிலும் எழுதினாள். ஜனவரியில் 76, ஏப்ரலில் 88.9. நீட்டில் 720க்கு 395: உயிரியலில் 251, வேதியியலில் 98, இயற்பியலில் 46. இவை தவிர மே 25ஆம் தேதி ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) திறனறித் தேர்வும் எழுதியிருந்தாள். அதன் முடிவு பிறகு கைக்கு வந்தது.

அப்பாவின் தாளில் இருந்த மூன்று எண்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. ஒன்று கிலோ, ஒன்று மீட்டர், ஒன்று லிட்டர் என்பதுபோல. 95.67 என்பது மதிப்பெண் சதவீதம். 88.9 என்பது பெர்சன்டைல், அதாவது அவளோடு அதே வேளையில் எழுதிய நூறு பேரில் ஏறக்குறைய 89 பேர் அவளுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள். அவள் எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினாள் என்று அது சொல்லாது. 55 என்பது 395ஐ 720ஆல் வகுத்து அப்பாவே போட்ட கணக்கு. நீட் மதிப்பெண் பட்டியலில் அப்படி ஓர் எண் கிடையாது. அதில் பெர்சன்டைல் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அதை யாருமே பார்க்கவில்லை. பட்டியலை மறுபடி எடுக்கச் சொன்னேன். 89க்குச் சற்று மேல்!

ஜேஇஇயில் 88.9, நீட்டில் 89. இரண்டு பெரிய தேர்வுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் அவளை நிறுத்தியிருந்தன. ஜூன் இறுதியில் வந்த பொறியியல் தரவரிசைப் பட்டியலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அவள் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தாள். மூன்று வரிசையிலும் கூட்டம் வேறு வேறு என்பது உண்மைதான். நீட் வரிசையில் 22 லட்சம் பேர். அதில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுகிறவர்கள் ஏராளம். ஜேஇஇ வரிசையில் 14 லட்சத்துக்கு மேல். ஆகவே 89ஐயும் 88.9ஐயும் சமம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 95, 88, 55 என்ற அந்த ஏணி இறக்கம் நடக்கவே இல்லை. ஒரு குடும்பம் முழு இரவு தூங்காமல் இருந்ததற்குக் காரணமான எண், யாரும் கொடுக்காத எண்.

95.67க்குள் என்ன இருக்கிறது

பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஓர் ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளை உழைத்ததற்கு அது சாட்சி. ஆனால் அது எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இயற்பியலில் 100 என்பது எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அநேகமாக முழு 30ஐயும் வாங்கிவிடுவார்கள். அவளும் வாங்கியிருந்தாள். எனவே அவளுடைய 93 உண்மையில் 70க்கு 63. அந்த 70இலும் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15தான். தவறான விடைக்கு எதுவும் கழிவதில்லை. ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்துக்கு 25 மதிப்பெண். வருவித்தலைப் படிப்படியாக எழுதினால் படிக்கு மதிப்பெண் உண்டு. நீட்டில் படி கிடையாது. முழுக் கணக்கையும் சரியாகப் போட்டு, கடைசி வரியில் பத்தின் அடுக்கைத் தவறவிட்டால், எதுவுமே தெரியாதவனுக்கு என்ன நேருமோ அதுதான் உங்களுக்கும்: கழித்தல் ஒன்று.

மதிப்பெண்ணை அப்படியே வைத்து ஒப்பிட முடியாது என்பது அரசுகளுக்கும் தெரிந்ததுதான். 2013 முதல் 2016 வரை ஜேஇஇ மெயின் தரவரிசையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 40 சதவீத இடம் இருந்தது. அப்போது ஒவ்வொரு வாரியத்தின் மதிப்பெண்ணையும் நேரடியாகச் சேர்க்கவில்லை; முதலில் அந்தந்த வாரியத்துக்குள் பெர்சன்டைலாக மாற்றிக்கொண்டார்கள். 2017இல் அந்த முறையையே கைவிட்டார்கள்.

அந்த ஆண்டின் நீட்

2025 நீட் இயற்பியல் வினாத்தாளைப் பார்த்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது. நீளமான கணக்குகள், நல்ல பயிற்சி உள்ளவருக்கும் ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். தாளின் கடினம் மதிப்பெண்களில் தெரிந்தது. 2024இல் திருத்திய முடிவின்படி 17 பேர் 720க்கு 720. 2025இல் இந்தியாவிலேயே முதலிடம் 686. பொதுப் பிரிவுத் தகுதி மதிப்பெண் 162இலிருந்து 144க்கு இறங்கியது. முந்தைய ஆண்டு பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய மதிப்பெண்ணோடு இவளுடைய 395ஐ வைத்துப் பார்ப்பது அர்த்தமில்லாதது. அப்பா அதையும் செய்திருந்தார். அவர் கொண்டுவந்த அதே தாளின் பின்பக்கத்தில் பையனுடைய மதிப்பெண்ணும் எழுதியிருந்தது.

இயற்பியலில் 180க்கு 46 என்றதும் நான் "மனப்பாடம்" என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த 46க்கு அவளுடைய இயற்பியல் பெர்சன்டைல் 85ஐ ஒட்டி இருந்தது. நாட்டில் நூற்றுக்கு 85 பேர் அதைத் தாண்டவில்லை. இதைப் பார்த்த பிறகுதான், நான் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்று தோன்றத் தொடங்கியது.

வெள்ளை ஓரங்கள்

நீட்டில் விடைத்தாளை வாங்கிக்கொள்வார்கள். வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துவரலாம். ஓஎம்ஆர் தாளின் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) பிரதியும் விடைக்குறிப்பும் பிறகு இணையத்தில் கிடைக்கும். மூன்றையும் எடுத்துவரச் சொன்னேன். பச்சைப் பேனாவும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்தோம்.

உயிரியல் 90 கேள்விகளில் 65 சரி, 9 தவறு, 16 விட்டிருந்தாள். வேதியியலில் 28 சரி, 14 தவறு. இயற்பியலில் 45இல் 44க்கு விடை. 18 சரி, 26 தவறு. உயிரியலில் தெரியாததைத் தைரியமாக விட்ட அதே பெண் இயற்பியலில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறாள். ஏன்?

வினாத்தாளைப் புரட்டினேன். இயற்பியலின் முதல் பக்கங்களில் ஓரமெல்லாம் சிறு எழுத்தில் கணக்குகள், சிறு சிறு படங்கள், ஒரு கம்பிச்சுருள், ஒரு சாய்தளம், அடித்துவிட்டு மறுபடி போட்ட வகுத்தல். ஓரிடத்தில் திசையை மாற்றி அம்புக்குறி போட்டிருந்தாள். பிறகு ஒரு பக்கத்தின் நடுவில் எழுத்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஓரங்கள் வெள்ளை. ஒரு கோடுகூட இல்லை. ஆனால் ஓஎம்ஆர் தாளில் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் வட்டம் நிரப்பியிருக்கிறது.

"இங்கே என்ன ஆயிற்று?"

"இன்னும் பத்து நிமிடம்தான் என்று சொன்னார்கள் சார். கை நடுங்கியது. எதையாவது போடலாம் என்று போட்டுவிட்டேன்."

உயிரியலை முதலில் எடுத்து 75 நிமிடம், வேதியியல் ஒரு மணி நேரம். இயற்பியலுக்கு மிஞ்சியது 45 நிமிடம். அதில் 35 நிமிடத்தில் 27 கேள்விகளை உண்மையாகப் போட்டிருக்கிறாள். மிச்சப் பத்து நிமிடத்தில் 17 வட்டங்கள். இரண்டையும் தனியாக எண்ணினேன். போட்ட 27இல் 14 சரி, 13 தவறு: 43 மதிப்பெண். நிரப்பிய 17இல் 4 சரி, 13 தவறு: 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் 17க்கு நான்கு சரியாக வரும். அதுவேதான் வந்திருக்கிறது. அந்த 46 மதிப்பெண்ணில் 43 அவளுடைய இயற்பியல், மீதி கடிகாரம்.

கண்மூடித்தனமாக நிரப்பியதற்காக அவளைத் திட்டத் தேவையில்லை. சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1 என்ற கணக்கில் அப்படி நிரப்புவதால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் கிடைக்கவே செய்யும், நஷ்டமில்லை. இழந்தது வேறு இடத்தில். உயிரியலில் விட்ட 16 கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததில் இருபது நிமிடம் போயிருக்கிறது என்று அவளே சொன்னாள்.

இது உண்மையில் நேரப் பிரச்சினைதானா, அல்லது நான் ஒரு தவறான முடிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறேனா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. மற்றத் தேர்வுகள் இங்கே உதவின. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி. கேள்விக்கு ஒரு நிமிடம். ஜேஇஇ மெயினில் அதே 180 நிமிடத்துக்கு 75 கேள்வி, கேள்விக்கு 2.4 நிமிடம். ஐசர் தேர்வில் 60 கேள்வி. கேள்விக்கு மூன்று நிமிடம். ஏப்ரல் ஜேஇஇயில் இயற்பியலில் 16 கேள்விக்கு விடையளித்து 11 சரி. ஐசர் தேர்வின் 15 இயற்பியல் கேள்விகளில் 9ஐ எடுத்து 7 சரி, மற்றவற்றை விட்டிருக்கிறாள். நீட்டில் உண்மையாகப் போட்டவற்றில் பாதி. நேரம் கூடக்கூட அவள் கை நிதானமாகிறது. ஒன்பது கேள்வியை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஜேஇஇ இயற்பியல் நீட்டைவிடச் சுலபம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது நான் என் பழைய கருத்தைப் பிடித்துக்கொண்டிருக்க நியாயமில்லை. அவளிடம் அதைச் சொன்னேன்: "நான் அன்று சொன்னது தவறு. நீ மனப்பாடம் செய்தவள் அல்ல."

கணிதத்தில் இருந்த உண்மையான பள்ளம்

எல்லாமே நேரம்தான் என்று முடித்திருந்தால் அதுவும் அவளுக்குச் செய்த துரோகம் ஆகியிருக்கும். ஏப்ரல் ஜேஇஇயில் பாடவாரியாக இயற்பியல் 91, வேதியியல் 93, கணிதம் 74. (இவற்றின் சராசரி 86; மொத்தமோ 88.9. மொத்தப் பெர்சன்டைல் என்பது பாடங்களின் சராசரி அல்ல. மொத்த மதிப்பெண்ணை வைத்துப் புதிதாகக் கணக்கிடுவது. இதைக் கேட்டு வரும் பெற்றோர் ஆண்டுதோறும் உண்டு.) பொதுத்தேர்வில் 97 வாங்கிய பாடம் இங்கே கீழே கிடக்கிறது, அதுவும் கேள்விக்கு 2.4 நிமிடம் கிடைத்தபோது.

கணிதத்தில் 25இல் 11க்குத்தான் விடையளித்திருந்தாள். 5 சரி, 6 தவறு. விட்டதும் தவறியதுமான இருபது கேள்விகளைப் பாடம் பாடமாகப் பிரித்தோம். தொடர்கள், ஈருறுப்புத் தேற்றம், வரிசை மாற்றம், முக்கோணவியல், நேர்க்கோடு என்று இருபதில் பன்னிரண்டு பதினோராம் வகுப்புப் பாடம். அந்தப் புத்தகத்தைப் பிளஸ் ஒன் தேர்வு முடிந்த நாளோடு அவள் மூடிவிட்டாள். பிளஸ் ஒன்னில் கணிதம் 78. அந்த 78 உயர்கல்விச் சேர்க்கையில் எங்கும் கணக்கில் வராது என்பதால் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தனியார் பள்ளிகள் பல பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி ஈராண்டும் அதையே படிக்க வைத்தன; அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுவதும் நடத்தினோம். ஆனால் அடுத்த ஆண்டு முழுவதும் ஒரு முறைகூட அதைத் திரும்பத் தொடவில்லை. இந்தப் பங்கு எங்களுடையது. அவளுடைய கணித ஆசிரியரிடம் பேசினேன், அவரும் ஒப்புக்கொண்டார். இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள் பழைய பாடத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

ஜனவரியில் 76, ஏப்ரலில் 88.9 ஆனதற்கும் மாயம் எதுவும் இல்லை. ஜனவரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே முழுதாக முடியவில்லை. மார்ச் 25இல் பொதுத்தேர்வு முடிந்து ஒரு வாரத்தில் ஏப்ரல் தேர்வு தொடங்கியது. பாடமெல்லாம் சூடாக மனதில் இருந்த நேரம் அது.

ஒரு சான்றிதழ்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதத் தகுதிப் பெர்சன்டைல் 2025இல் பொதுப் பட்டியலுக்கு 93.1, மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு 79.4. அவள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 88.9 போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் பொதுப் பிரிவு என்று நிரப்பியிருந்தார்கள். வீட்டில் இருந்தது மாநில அரசின் சாதிச் சான்றிதழ். மத்திய அரசின் சேர்க்கைக்கு வருமான வரம்பு குறிப்பிட்ட வேறு சான்றிதழ், அந்த நிதியாண்டுக்குரியது, தனியாக வாங்க வேண்டும். கையில் இல்லை என்பதால் பொதுப் பிரிவு என்று போட்டுவிட்டார்கள். அவள் எப்படியும் அட்வான்ஸ்டு எழுதியிருக்கமாட்டாள்தான். ஆனாலும் "ஜேஇஇயில் தேறவில்லை" என்று உறவினர்களிடம் சொல்லி அந்த வீடு இரண்டு மாதம் குனிந்து நடந்தது. அக்டோபரிலேயே இந்தச் சான்றிதழை வாங்கி வையுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பாசிரியரும் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

என்ன முடிவெடுத்தார்கள்

அப்பாவின் திட்டம், ஓர் ஆண்டு விடுதியோடு கூடிய நீட் பயிற்சி மையம். முன்பணத்துக்கு நகை அடகு வைக்கப் பேசி முடித்திருந்தார். அது அபத்தமான திட்டம் இல்லை. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையின்படி, 2020-21இல் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் 71.42 சதவீதம் பேர் மறுமுறை எழுதியவர்கள். முதல் முறையிலேயே இடம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைக் குறைத்து நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

ஆனால் அவளுடைய கணக்கு என்ன சொன்னது? அந்தப் 17 கேள்விகளையும் முதல் 27இன் விகிதத்திலேயே போட்டிருந்தால் 9 சரி, 8 தவறு, 28 மதிப்பெண். கிடைத்த 3ஐக் கழித்தால் 25 கூடும். 395 என்பது 420 ஆகும். அந்த ஆண்டு அவள் பிரிவில் அரசு மருத்துவக் கல்லூரியின் கடைசி இடத்துக்கு 420உம் எட்டாது. நேரத்தை மட்டும் சரிசெய்தால் போதாது, வேதியியலும் உயிரியலும் சேர்ந்து உயர வேண்டும். அதற்கு ஓர் ஆண்டு முழு உழைப்பும், மருத்துவம்தான் வேண்டும் என்ற அவளுடைய சொந்த ஆசையும் வேண்டும். இதை நான் அப்பாவிடம் ஒளிக்கவில்லை.

ஆசையை அவளிடம்தானே கேட்க வேண்டும். கேட்டேன். நெடுநேரம் கழித்து, "எனக்கு ஆய்வகம் பிடிக்கும் சார். ஆஸ்பத்திரி அவ்வளவாகப் பிடிக்காது" என்றாள். அம்மா அன்றுதான் முதல்முறையாகப் பேசினார்: "இதை எங்களிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே, கண்ணு."

ஐசர் தரவரிசையில் அவளுக்கு இடம் எட்டவில்லை. கணிதமே கீழே இழுத்தது. 191.5 கட்-ஆஃபில் பொறியியல் கலந்தாய்வு மூலம் உயிரித் தொழில்நுட்பம் எடுத்தாள். நகை வீட்டிலேயே இருக்கிறது. பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை முதல் பருவம் தொடங்குவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறேன்; பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் அதே பள்ளம் காத்திருக்கும்.

ஆகஸ்டில், கல்லூரிக்குப் போகுமுன் பள்ளிக்கு வந்தாள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அந்த நீட் வினாத்தாளைக் கேட்டிருந்தேன். அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். புரட்டியபோது கடைசிப் பக்கங்களின் வெள்ளை ஓரங்கள் முழுவதும் பென்சிலில் கணக்குகள். 17ஐயும் போட்டிருக்கிறாள், கடிகாரம் பார்க்காமல். விடைக்குறிப்போடு ஒப்பிட்டேன். 12 சரி. மூன்று தவறு. மீதி இரண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, "இது இன்னும் புரியவில்லை சார்" என்று எழுதியிருந்தாள். அன்று மாலை பள்ளி விட்ட பிறகு அந்த இரண்டையும் கரும்பலகையில் போட்டோம்.